பரிசு பெறாத பேரறிஞர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

அணுக்கருப் பிளவைக் கண்டுபிடித்தவர் யார் என்னும் ஒரு மதிப்பெண் வினாவுக்கு, ஓட்டோ ஹான், ஃப்ரிட்ஸ் ஸ்ட்ராஸ்மன் என்று விடை எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறோம். விடை தவறன்று. ஆனால் அதில் ஒரு பெயர் குறைகிறது. முப்பது ஆண்டுகள் ஹானோடு சேர்ந்து உழைத்து, யுரேனிய ஆராய்ச்சிக்கு அவரை இழுத்து வந்து, இறுதியில் அவர் கண்டது இன்னதென்று அவருக்கே விளக்கிச் சொன்ன ஓர் அம்மையாரின் பெயர் அது. லிசே மைட்னர்! மேரி கியூரி அம்மையாரை அறியாத மாணவர் இல்லை. மைட்னர் அம்மையாரை அறிந்தவர் எத்தனை பேர் என்று எங்கள் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு கைதான் உயர்ந்தது.

லிசே 1878 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஆஸ்திரிய நாட்டுத் தலைநகரான வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். எட்டுக் குழந்தைகளுள் மூன்றாமவர். தந்தையார் வழக்கறிஞர், பிள்ளைகளின் படிப்பில் ஆண், பெண் என்று பேதம் பாராதவர். வீட்டில் புத்தகங்களும் இசையும் நிறைந்திருந்தன. இதைப் படித்தபோது எனக்குச் சற்றுப் பொறாமையாகத்தான் இருந்தது. எங்கள் வீட்டுக்குள் வந்த முதல் புத்தகமே என் பள்ளிப் பாடநூல்தான்!

ஆனால் வீடு இடங்கொடுத்தாலும் நாடு இடங்கொடுக்கவில்லை. அந்நாளில் ஆஸ்திரியாவில் பெண்களுக்குப் பொதுப்பள்ளிப் படிப்பு பதினான்கு வயதோடு முடிந்துவிடும். பல்கலைக்கழகக் கதவு அவர்களுக்கு 1897 இல்தான் திறந்தது. அதற்குள் லிசே பிரெஞ்சு ஆசிரியைப் பயிற்சி பெற்று முடித்திருந்தார். ஆண் பிள்ளைகள் எட்டு ஆண்டுகளில் படிப்பதை அவர் தனியாசிரியர் துணையோடு இரண்டே ஆண்டுகளில் படித்தார். 1901 இல் நுழைவுக்குரிய தேர்வை எழுதிய பெண்கள் 14 பேர். தேறியவர் 4 பேர். அவர்களுள் ஒருவர் லிசே. வியன்னாப் பல்கலைக்கழகத்தில் மாமேதை லுட்விக் போல்ட்ஸ்மனின் மாணவியானார். வெப்ப இயக்கவியல் தாளில் நம்மை வாட்டி எடுக்கும் அதே போல்ட்ஸ்மன்தான்! அவருடைய விரிவுரைகளே லிசேயை இயற்பியலுக்கு அடிமையாக்கின. 1906 இல் முனைவர் பட்டம் கிடைத்தது. அப்பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் அப்பட்டம் பெற்ற இரண்டாவது பெண்மணி அவர்.

1907 இல் மாக்ஸ் பிளாங்கிடம் பயில பெர்லின் சென்றார். அங்கே ஓட்டோ ஹான் என்னும் இளம் வேதியியலாரின் நட்பு வாய்த்தது. இவர் இயற்பியல், அவர் வேதியியல். கதிரியக்க ஆராய்ச்சிக்கு இரண்டும் தேவை. ஆனால் ஹான் பணிபுரிந்த வேதியியல் நிலையத்தின் தலைவர் எமில் ஃபிஷர், பெண்களை உள்ளே விடுவதில்லை. கெஞ்சிக் கேட்டதன் பேரில் ஒரு சலுகை கிடைத்தது. கீழ்த்தளத்தில் தச்சு வேலைக்கென்றிருந்த அறையில் லிசே ஆய்வு செய்யலாம். மேல் தளங்களில் கால் வைக்கக் கூடாது. கழிப்பறைக்குப் பக்கத்திலிருந்த உணவு விடுதிக்குத்தான் போக வேண்டும். இந்தக் கடைசி வரியின் பொருளை மாணவியருக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்குப் பின், பிரஷ்ய நாட்டில் பெண்களுக்குப் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டதும் இத்தடை நீங்கியது. சம்பளமோ 1912 வரை இல்லை. தந்தை அனுப்பிய பணத்தில் காலம் ஓடியது. அவ்வாண்டில் பிளாங்க் அவரைத் தம் உதவியாளராக நியமித்தார். கூலியில்லாமல் ஐந்து ஆண்டுகள் உழைப்பதற்குத் தந்தையின் பணமும் வேண்டியிருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. அது வாய்க்காத எத்தனை லிசேக்கள் பிரெஞ்சு ஆசிரியைகளாகவே முடிந்தார்களோ!

முதல் உலகப் போர் மூண்டது. ஹான் இராணுவத்தில் சேர்ந்து நச்சுவாயுப் பிரிவில் பணிபுரிந்தார். லிசேயும் சில காலம் ஆஸ்திரிய இராணுவ மருத்துவமனையில் எக்ஸ் கதிர்ச் செவிலியாகத் தொண்டாற்றிவிட்டுப் பெர்லின் திரும்பினார். ஆக்டினியத்தின் தாய்த்தனிமம் எது என்னும் தேடலை அநேகமாகத் தனி ஒருவராகவே நடத்தினார். 1918 இல் புரோட்டாக்டினியம் வெளிச்சத்துக்கு வந்தது. கட்டுரையில் முதற்பெயர் ஹானுடையது, இரண்டாவது லிசேயுடையது. ஹான் போர்முனையில் இருந்தார். வேலையின் பெரும்பகுதியைச் செய்தவர் லிசே. ஆயினும் நண்பரின் பெயரை அவர் விடவில்லை. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இதன் மறுபக்கம் இருபது ஆண்டுகள் கழித்து வரும்.

அதன் பின் உயர்வுகள் வந்தன. கைசர் வில்ஹெல்ம் வேதியியல் நிலையத்தில் அவருக்கென்று தனி இயற்பியல் பிரிவு அமைந்தது. 1922 இல் அவர் எழுதி வெளியிட்ட ஓர் எலக்ட்ரான் நிகழ்ச்சியை மறு ஆண்டு பிரெஞ்சு விஞ்ஞானி பியர் ஓஜே தாமாகவே கண்டார். இன்று அதற்கு ஓஜே விளைவு என்றே பெயர். அதே 1922 இல் பல்கலைக்கழகத்தில் அண்டவெளி நிகழ்ச்சிகளில் கதிரியக்கத்தின் பங்கு பற்றி அவர் தம் முதல் விரிவுரையை நிகழ்த்தினார். ஜெர்மன் மொழியில் அண்டவெளிக்கும் அழகு சாதனத்துக்கும் எழுத்து ஒன்றிரண்டுதான் வேறுபாடு. பெண் பேசினாள் என்றதும், முகப்பூச்சு பற்றிப் பேசினாள் என்றே பத்திரிகை அச்சிட்டுவிட்டது! 1926 இல் பேராசிரியர் பதவி. ஜெர்மனியில் இயற்பியலில் அப்பதவி பெற்ற முதற்பெண் அவரே.

1933 இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தான். யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதால் லிசேயின் கற்பிக்கும் உரிமை பறிபோனது. ஆஸ்திரியக் குடியுரிமை இருந்ததால் ஆய்வுநிலையத்தில் மட்டும் நீடித்தார். உடனே வெளியேறாமல் இருந்தது தவறு என்று பிற்காலத்தில் அவரே வருந்தினார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் இருபத்தைந்து ஆண்டுகளாகக் கட்டி எழுப்பிய ஆய்வுக்கூடத்தை விட்டுப் போவது எளிதா என்ன?

1934 இல் யுரேனியத்தை நியூட்ரானால் தாக்கினால் என்ன உண்டாகிறது என்று ஆராய ஹானை வற்புறுத்தி அழைத்தவர் லிசேதான். ஸ்ட்ராஸ்மனும் சேர்ந்துகொண்டார். நான்கு ஆண்டுகள் மூவரும் அதிலேயே மூழ்கினர். 1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கினான். லிசேயின் கடவுச்சீட்டு அன்றே செல்லாக்காசாயிற்று. ஜூலை 12 ஆம் நாள் யாருக்கும் ஐயம் வராதபடி இரவு எட்டு மணிவரை ஆய்வுக்கூடத்தில் ஓர் இளைஞரின் கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தார். மறுநாள் டச்சு விஞ்ஞானி டிர்க் காஸ்டரின் துணையோடு இரயிலேறி நெதர்லாந்து எல்லையைக் கடந்தார். வயது 59. கையில் பத்து மார்க் பணம். எல்லைக் காவலருக்குக் கையூட்டுக் கொடுக்க நேர்ந்தால் உதவட்டும் என்று ஹான் தம் தாயாரின் வைர மோதிரத்தை முதல்நாள் இரவு கொடுத்திருந்தார். நல்ல வேளையாக அது தேவைப்படவில்லை.

சுவீடனில், ஸ்டாக்ஹோமில், ஓர் ஆய்வு நிலையத்தில் இடம் கிடைத்தது. இடம்தான் கிடைத்தது, கருவி இல்லை, உதவியாளர் இல்லை, ஆய்வுக்கூடத்துச் சாவிகூட அவர் கையில் இல்லை. பெர்லினோடு தொடர்பு கடிதம் வழியேதான். நவம்பரில் ஹானும் லிசேயும் கோபன்ஹேகனில் இரகசியமாகச் சந்தித்தனர். யுரேனியத்திலிருந்து ரேடியம் வருவதாக ஹான் கூறியதை லிசே ஏற்கவில்லை. மீண்டும் சோதிக்கும்படி அழுத்திச் சொன்னார். சோதித்தபோதுதான் அந்த ‘ரேடியம்’ பேரியத்தை விட்டுப் பிரிய மறுத்தது. அது பேரியமேதான்! ஹானுக்குத் தலை சுற்றியது. டிசம்பர் 19 ஆம் நாள் லிசேக்கு எழுதினார்: இதற்கு ஏதேனும் விளக்கம் உண்டா என்று.

அந்தக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் லிசே, குங்கெல்வ் என்னும் சிற்றூரில் நண்பர் வீட்டில் இருந்தார். அவருடைய சகோதரியின் மகன் ஓட்டோ ஃப்ரிஷும் வந்திருந்தார். அவரும் இயற்பியலார். இருவரும் பனியில் உலாவப் புறப்பட்டனர். மருமகன் பனிச்சறுக்குக் கட்டைகளோடு, சித்தி கால்நடையாக. ஹான் தவறு செய்திருக்கலாம் என்றார் ஃப்ரிஷ். அப்படிப்பட்ட தவறு செய்யும் வேதியியலார் அல்லர் ஹான் என்று மறுத்தார் லிசே. வழியில் விழுந்து கிடந்த மரத்தின்மேல் உட்கார்ந்து துண்டுக் காகிதத்தில் கணக்குப் போடலாயினர்.

அந்தக் கணக்கை நாமும் போட்டுப் பார்க்கலாம். அணுக்கருவை ஒரு நீர்த்துளியாகக் கொள்ளுங்கள். பரப்பு இழுவிசை துளியைச் சேர்த்துப் பிடிக்கிறது. உள்ளேயுள்ள புரோட்டான்களின் மின்விலக்கு விசை துளியைக் கிழிக்கப் பார்க்கிறது. யுரேனியத்தில் 92 புரோட்டான்கள். இழுவிசை ஏறத்தாழ முழுதுமே ஈடாகிவிடுகிறது. ஒரு நியூட்ரான் வந்து மோதினால் போதும். துளி நீண்டு, இடை சிறுத்து, இரண்டாகப் பிரிந்துவிடும். பேரியத்துக்கு 56 போக மீதி 36, அது கிரிப்டான். இரு துண்டுகளும் ஒன்றையொன்று விலக்கிப் பாயும் ஆற்றல் சுமார் 200 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். இவ்வளவு ஆற்றல் எங்கிருந்து வரும்? லிசே அணுக்கருக்களின் நிறையைக் கணக்கிடும் முறையை மனப்பாடமாக வைத்திருந்தார். பிளவினால் குறையும் நிறை, ஒரு புரோட்டானின் நிறையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. ஐன்ஸ்டீனின் சமன்பாட்டில் அதை இட்டால் விடை அதே 200! நூலகமும் இல்லை, கரும்பலகையும் இல்லை. அந்தக் குளிரில் மரக்கட்டைமேல் அமர்ந்து போட்ட கணக்கு அது. விறகோ கரியோ எரியும்போது ஓர் அணுவுக்குக் கிடைப்பது சில எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால் அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பது விளங்கும்.

ஹானும் ஸ்ட்ராஸ்மனும் தங்கள் முடிவை 1939 ஜனவரி 6 இல் வெளியிட்டனர். அதில் லிசேயின் பெயர் ஆசிரியர் வரிசையில் இல்லை. நாட்டைவிட்டு ஓடிய யூதப் பெண்ணின் பெயரைச் சேர்ப்பது ஹிட்லரின் ஜெர்மனியில் ஆபத்து. லிசேயும் ஃப்ரிஷும் தங்கள் விளக்கத்தைத் தனியே இங்கிலாந்தின் ‘நேச்சர்’ இதழில் பிப்ரவரி 11 இல் வெளியிட்டனர். பிளவு என்னும் பெயரைச் சூட்டியவர்கள் அவர்களே. இவ்வாறு ஒரே கண்டுபிடிப்பு இரண்டு கட்டுரைகளாயிற்று: வேதியியல் ஒரு பக்கம், இயற்பியல் ஒரு பக்கம். 1945 நவம்பரில், 1944 ஆம் ஆண்டுக்குரிய வேதியியல் நோபெல் பரிசு ஹான் ஒருவருக்கே என அறிவிக்கப்பட்டது. 1946 டிசம்பரில் அதைப் பெற்றுக்கொள்ள ஹான் ஸ்டாக்ஹோம் வந்தார். லிசே வசித்த ஊர் அது!

நோபெல் குழுவின் ஆவணங்கள் ஐம்பது ஆண்டுகள் பூட்டிவைக்கப்படும். அவை 1990களில் திறக்கப்பட்டபோது, வேதியியலார் குழுவுக்கு இயற்பியலின் பங்கு சரியாக விளங்கவில்லை என்பதும், அவசரம் நேர்ந்தது என்பதும், அகதியாக ஓடிய ஒருவரின் நிலையை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை என்பதும் தெரியவந்தன. தம் வாழ்நாளில் நாற்பது முறைக்கு மேல் அவர் பரிசுக்கு முன்மொழியப்பட்டார். ஒரு முறையும் கிடைக்கவில்லை.

ஹானைத் திருடர் என்று எழுதுவோர் உண்டு. நான் அப்படி எண்ணவில்லை. மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தவர் அவர். 1939 இல் பெயரை விட்டதற்கும் காரணம் இருந்தது. என் மனம் ஆறாதது 1945 க்குப் பிந்தைய ஹானைப் பற்றித்தான். ஹிட்லர் ஒழிந்தான், ஆபத்து நீங்கியது. அதன் பிறகும் அவர், பிளவு முழுக்க முழுக்க வேதியியலின் வெற்றி என்றே பேசிவந்தார். அச்சத்தால் தொடங்கிய மௌனம் வசதியாகிப்போயிற்று. செய்முறை வகுப்பில் ஸ்பெக்ட்ரோமீட்டர் முன் ஒருவர் அளவு பார்க்கிறோம், மற்றவர் குறித்துக்கொள்கிறோம். குறித்துக்கொண்டவர் வெளியே அனுப்பப்பட்டதால் அளவு அவருடையதல்ல என்று ஆகிவிடுமா? 1918 இல் ஹான் ஊரில் இல்லாதபோது லிசே செய்ததை ஹான் திருப்பிச் செய்திருக்கலாம்.

முனிச் நகர அருங்காட்சியகத்தில் அந்த ஆய்வுக் கருவிகள் ஒரு மேசைமேல் வைக்கப்பட்டன. அவற்றுள் பல லிசேயின் பிரிவில் உருவானவை. ஓட்டோ ஹானின் பணிமேசை என்ற அறிவிப்பு பல ஆண்டுகள் அங்கே தொங்கியது. பின்னரே திருத்தினர்.

அணுகுண்டுப் பணிக்கு 1943 இல் அழைப்பு வந்தபோது லிசே உறுதியாக மறுத்துவிட்டார். ஆயினும் அமெரிக்கப் பத்திரிகைகள் அவரை அணுகுண்டின் தாய் என்று வருணித்தன. அது அவரை மிகவும் புண்படுத்தியது. செய்த வேலைக்குப் பெயர் தர மறுத்த உலகம், செய்யாத வேலைக்குத் தந்தது! ஹானோடு நட்பை அவர் முறித்துக்கொள்ளவில்லை. ஜெர்மன் விஞ்ஞானிகள் ஹிட்லருக்கு உழைத்ததைக் கண்டித்து 1945 இல் அவருக்குக் கடுமையாக ஒரு கடிதம் எழுதினார். அது போய்ச் சேரவில்லை. பரிசு பற்றி ஊரறியப் பேசியதில்லை. 1966 இல் ஹான், ஸ்ட்ராஸ்மன், லிசே மூவருக்கும் சேர்த்து அமெரிக்காவின் என்ரிகோ ஃபெர்மி விருது வழங்கப்பட்டது.

1960 இல் கேம்பிரிட்ஜுக்குக் குடிபெயர்ந்தார். 1968 ஜூலையில் ஹான் இறந்தார். உடல்நலம் குன்றியிருந்த லிசேயிடம் அதை யாரும் சொல்லவில்லை. அக்டோபர் 27 ஆம் நாள், தொண்ணூறு நிறையச் சில நாள் இருக்கையில், அவரும் மறைந்தார். பிராம்லி என்னும் கிராமத்தில் தம்பியின் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். மனிதத்தன்மையை இழக்காத இயற்பியலார் என்னும் பொருள்படக் கல்லில் பொறிக்கச் செய்தவர் ஃப்ரிஷ்.

105 ஆவது தனிமத்துக்கு ஹானியம் என்று பெயரிட ஒரு காலத்தில் அமெரிக்கர் முயன்றனர். அது நிலைக்கவில்லை, 1997 இல் டுப்னியம் என்று முடிவாயிற்று. அதே 1997 இல், 1982 இல் உருவாக்கப்பட்ட 109 ஆவது தனிமத்துக்கு மைட்னீரியம் என்னும் பெயர் உறுதியாயிற்று. எங்கள் ஆய்வுக்கூடச் சுவரில் தொங்கும் தனிம அட்டவணை மிகப் பழையது. அதில் 105 ஆவது கட்டத்தில் இன்னும் ஹானியம் இருக்கிறது. 109 ஆவது கட்டம் இல்லை.