நூறு மணி ஜபமாலை: பண்டிட் நைன் சிங்கின் இமயப் பயணங்கள்

ஜபமாலையில் 108 மணிகள் இருக்கும் என்பது அனைவரும் அறிந்ததே. 1865-ஆம் ஆண்டு ஜனவரியில் டேராடூனிலிருந்து புறப்பட்ட ஒரு யாத்திரிகரின் மாலையில் நூறு மணிகளே இருந்தன. பத்தாவது மணிகள் மட்டும் சற்றுப் பெரியவை. அவர் கையில் சுழன்ற பிரார்த்தனைச் சக்கரத்தினுள் மந்திரம் எழுதிய சுருளுக்குப் பதிலாகக் குறிப்பெழுதும் வெற்றுத்தாள் இருந்தது. எட்டு மணிகள் குறைந்திருந்ததை வழியில் எவரும் கவனிக்கவில்லை.

அவர் நைன் சிங் ராவத். லாசா நகரம் பூமியில் எங்கே அமைந்துள்ளது என்பதை முதன்முதலில் துல்லியமாக உலகுக்கு அறிவித்தவர். துணிச்சல் மட்டும் இதைச் சாதித்திருக்காது. ஒவ்வோர் அடியையும் முன்கூட்டியே எண்ணிப் பார்த்த திட்டமும், அந்த அடிகளை ஒன்றுகூட விடாமல் எண்ணிய மன ஒருமையும் அதன் பின்னே இருந்தன.

மலையே பள்ளிக்கூடம்

நைன் சிங் 1830-ஆம் ஆண்டு பிறந்தார். அவரது ஊர் குமாவுன் இமயத்தில், ஜோஹார் பள்ளத்தாக்கின் கோடியில், கோரி கங்கை தோன்றும் பனியாற்றின் அடிவாரத்தில் அமைந்த மிலம். கடல் மட்டத்திலிருந்து 11,000 அடிக்கு மேல் உள்ள அக்கிராமத்தில் பனிக்காலத்தில் யாரும் தங்குவதில்லை. கோடை வந்ததும் அவ்வூர் மக்கள் ஆடுகளின் முதுகில் தானியமும் துணியும் ஏற்றித் திபெத்துக்குச் செல்வார்கள். உப்பு, வெங்காரம், கம்பளி ஆகியவற்றுடன் திரும்புவார்கள்.

அந்த வழியில் ஊண்டா துரா, ஜயந்தி துரா, குங்ரி பிங்ரி என்ற மூன்று கணவாய்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. மூன்றுமே 17,000 அடிக்கு மேற்பட்டவை. இடையில் ஆட்டுக்குப் புல்லும் அடுப்புக்கு விறகும் கிடைக்காததால் மூன்றையும் ஒரே மூச்சில் கடந்தாக வேண்டும். எப்போது புறப்படுவது, எவ்வளவு சுமப்பது, வானம் இருண்டால் எந்த இடத்திலிருந்து திரும்பிவிடுவது என்பதையெல்லாம் ஜோஹார் மக்கள் சிறுவயதிலேயே கற்றுக்கொண்டார்கள். திட்டம் பிழைத்தால் மலை மன்னிப்பதில்லை என்பதே அவர்களுடைய முதல் பாடம்.

1855 முதல் 1857 வரை ஜெர்மானிய ஆய்வாளர்களான ஷ்லாகின்ட்வைட் சகோதரர்களுடன் நைன் சிங் மானசரோவர், லடாக் பகுதிகளில் பயணம் செய்தார். அளவைக் கருவிகளை முதன்முதலில் அவர் கையாண்டது அப்போதுதான். பின்னர் ஊர் திரும்பி, மிலம் பள்ளியில் ஆசிரியரானார். பண்டிட் என்ற அடைமொழி அந்தப் பணியால் வந்ததே.

இரண்டு ஆண்டு ஆயத்தம்

அந்நாளில் திபெத்தின் எல்லைகள் வெளிநாட்டினருக்கு மூடப்பட்டிருந்தன. இந்திய நில அளவைத் துறையின் வரைபடத்தில் இமயத்துக்கு அப்பால் பெரும்பகுதி வெற்றிடமாகவே கிடந்தது. ஐரோப்பியர் செல்ல முடியாத இடத்துக்கு மலைநாட்டு இந்தியரைப் பயிற்றுவித்து அனுப்பலாம் என்று அத்துறையின் அதிகாரி தாமஸ் மாண்ட்கோமெரி எண்ணினார். அவ்வாறு யார்க்கண்டுக்கு முதலில் அனுப்பப்பட்ட அப்துல் ஹமீது திரும்பும் வழியிலேயே உயிர் நீத்தார். 1863-இல் நைன் சிங்கும் அவருடைய உறவினரான மணி சிங்கும் டேராடூனுக்கு வரவழைக்கப்பட்டார்கள்.

அங்கே அவருக்குக் கற்பிக்கப்பட்ட முதல் கலை நடப்பது. மேட்டிலும் பள்ளத்திலும் சமவெளியிலும் ஒரே அளவாக அடியெடுத்து வைக்க அவர் பழகினார். ஒரு மைலுக்கு ஏறக்குறைய 2,000 அடிகள். நூறு அடிக்கு ஒரு மணி தள்ளப்படும்; மாலை ஒரு சுற்று முடிந்தால் பத்தாயிரம் அடிகள், அதாவது ஐந்து மைல். நூறு மணி மாலையின் நோக்கம் இதுதான்.

உயரத்தை அளக்க வெந்நீர் போதுமானதாயிற்று. மேலே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைவதால் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி செல்சியஸ் குறைகிறது. தேநீருக்காக நீர் கொதிக்கும்போது அதில் வெப்பமானியை இட்டுப் பார்ப்பவரை யார் சந்தேகிப்பார்கள்? அந்த வெப்பமானி கைத்தடிக்குள் மறைக்கப்பட்டது. செக்ஸ்டன்ட் என்னும் கோணமானி பெட்டியின் இரட்டை அடித்தட்டுக்குள் சென்றது. விண்மீன்களின் உயரத்தை அளக்கச் சமமான பளபளப்புள்ள ஒரு பரப்பு வேண்டும். அதற்கான பாதரசம் சோழிகளுக்குள் அடைக்கப்பட்டது. இரவில் யாத்திரிகரின் மரக்கிண்ணத்தில் அதை ஊற்றினால் அடிவானம் தயார்.

உபகரணங்கள் ஒவ்வொன்றும் யாத்திரிகனிடம் இயல்பாக இருக்கக்கூடிய ஒரு பொருளுக்குள் அடங்க வேண்டும்; அடங்காததை எடுத்துச் செல்ல இயலாது. இந்த விதி சுமையைக் குறைத்ததோடு அவருடைய உயிரையும் காத்தது.

மூடிய கதவுகள்

குமாவுனிலிருந்து நேராகத் திபெத்துக்குள் செல்லும் முதல் முயற்சி 1864-இல் பலிக்கவில்லை. எனவே 1865-இல் நேபாளம் வழியாகச் செல்லத் தீர்மானித்து, மார்ச் மாதத்தில் இருவரும் காத்மாண்டு அடைந்தார்கள். குதிரை வாங்கவும் வழிபாடு செய்யவும் லாசாவுக்குச் செல்லும் பஷாஹர் வணிகர்கள் என்று கூறிக்கொண்டு கெரூங் எல்லையை அணுகினார்கள், அதிகாரிகள் நம்பவில்லை. திரும்ப நேர்ந்தது.

இங்கே இருவரும் பிரிந்தார்கள். நைன் சிங் லடாக்கியராக வேடம் மாற்றி, பொய்ச்சடையும் சேர்த்துக்கொண்டார். உடன் அழைத்துச் செல்வதாக வாக்களித்துக் கடன் பெற்ற ஒரு வணிகர் ஏமாற்றினார். இறுதியில், லாசாவுக்குச் செல்வதில்லை, சென்றால் உயிரையே இழக்கச் சம்மதம் என்று எல்லை அதிகாரிக்கு உறுதி அளித்த பிறகே அவர் உள்ளே நுழைய முடிந்தது. செப்டம்பரில் தாதும் என்ற இடத்தை அடைந்து, லாசா நோக்கிச் சென்ற லடாக்கி வணிகர் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார்.

மற்றவர்கள் குதிரை மீது செல்ல, அவர் நடந்தார். ஏறினால் எண்ணிக்கை அறுந்துவிடும். யாரேனும் பேச வந்தால் பிரார்த்தனைச் சக்கரத்தைச் சுழற்றுவார். ஜபத்தில் இருப்பவரை இடையூறு செய்யக் கூடாது என்று அவர்கள் விலகிச் செல்வார்கள். ஷிகாட்ஸேயில் பஞ்சன் லாமாவைத் தரிசித்தார். கையில் பணம் குறைந்தபோது நேபாள வணிகர்களுக்குக் கணக்கு கற்பித்து ஊதியம் பெற்றார்.

லாசாவில் மூன்று மாதங்கள்

1866 ஜனவரி 10-ஆம் நாள் அவர் லாசாவுக்குள் நுழைந்தார். அங்கே சிறுவராயிருந்த பன்னிரண்டாவது தலாய் லாமாவைத் தரிசிக்கவும் வாய்த்தது. இரவு நேரங்களில் ஊர் உறங்கிய பின் கிண்ணத்தில் பாதரசம் ஊற்றி விண்மீன்களை அளந்தார். அவர் கணித்த அட்சரேகை 29 டிகிரி 39 நிமிடம். இன்றைய வரைபடங்களும் லாசாவை அங்கேயே காட்டுகின்றன.

ஆபத்தும் அருகிலேயே இருந்தது. அனுமதியின்றி நகருக்குள் வந்த ஒரு சீனர் தலை வெட்டப்பட்டதை அவர் கண்டார். எந்தக் கெரூங் அதிகாரியிடம் உறுதி அளித்திருந்தாரோ, அவரையே லாசாவின் தெருவில் ஒருநாள் பார்க்க நேர்ந்தது. அன்றே தங்குமிடத்தை மாற்றிக்கொண்டார். அதன்பின் அரிதாகவே வெளியே வந்தார். அங்கு வாழ்ந்த இரு இஸ்லாமிய வணிகர்கள் அவருடைய வேடத்தை உணர்ந்து உண்மையைச் சொல்லவைத்தார்கள். ஆனால் காட்டிக்கொடுக்கவில்லை. கைக்கடனும் தந்து உதவினார்கள். அதற்கு ஈடாக அவர் தம் கடிகாரத்தை வைத்தார்.

ஏப்ரல் 21-ஆம் நாள் புறப்பட்டு, சாங்போ நதியின் வழியே மேற்கு நோக்கி நடந்து, மானசரோவர்ப் பகுதியைக் கடந்து, அக்டோபர் 27-இல் நில அளவை அலுவலகம் சேர்ந்தார். அப்பயணத்தில் அளக்கப்பட்ட வழி ஏறக்குறைய 1,200 மைல். அதாவது 24 லட்சம் அடிகள். மாலை 240 சுற்று. 31 இடங்களின் அட்சரேகையையும் 33 இடங்களின் உயரத்தையும் அவர் பதிவு செய்திருந்தார்.

ஆட்டுமந்தையும் இறுதிப் பயணமும்

1867-இல் பத்ரிநாத்துக்கு மேலே உள்ள மாணா கணவாயைக் கடந்து, மேற்குத் திபெத்தின் தோக் ஜாலுங் தங்கச் சுரங்கங்களை நைன் சிங் கண்டறிந்தார். 16,000 அடிக்கு மேலே, காற்றின் கொடுமைக்கு அஞ்சிச் சுரங்கத் தொழிலாளர்கள் பள்ளம் தோண்டிக் கூடாரம் அமைத்து வாழ்ந்த இடம் அது. வழியில் ஒரு தலைவர் சந்தேகப்பட்டபோது மணி சிங்கைப் பிணையாக விட்டுவிட்டே அவர் மேலே செல்ல நேர்ந்தது.

அவருடைய மிகப் பெரிய பயணம் 1874 ஜூலையில் லே நகரில் தொடங்கியது. ஆளரவமற்ற வட திபெத்தியப் பீடபூமி வழியாக லாசா சென்று, அங்கிருந்து தெற்கே இறங்குவது திட்டம். சுமை எவ்வாறு செல்வது? அவர் தம் ஊர்ப் பழக்கத்தையே கைக்கொண்டார். 26 செம்மறி ஆடுகள் சுமை ஏற்றிச் சென்றன. ஆட்டுக்குத் தீவனம் சுமக்கத் தேவையில்லை, மேய்ந்தபடியே நடக்கும். உணவு தீர்ந்தால் அதுவே உணவு. நாற்பத்து நான்கு வயதான நைன் சிங் பௌத்தத் துறவியின் உடையில் அவற்றின் பின்னே அடிகளை எண்ணிக்கொண்டு நடந்தார்.

நவம்பர் 18-இல் லாசாவை அடைந்தபோது, அவரை அறிந்த ஒரு லடாக்கியர் அங்கிருப்பது தெரிந்தது. இரண்டே நாட்களில் அவர் வெளியேறினார். அதற்குமுன் அதுவரை எழுதிய குறிப்புகளை இரு உதவியாளர்களிடம் ஒப்படைத்து லேவுக்கு அனுப்பிவிட்டார். தாம் பிடிபட்டாலும் உழைப்பு பிடிபடக் கூடாது என்ற முன்னெச்சரிக்கை அது. வடக்கே யாத்திரை செல்வதாகக் கூறி வடக்கு நோக்கி நடந்து, பின்னர் இருளில் தெற்கே திரும்பினார். தவாங்கில் பிப்ரவரி பாதிவரை தடுத்துவைக்கப்பட்டார். 1875 மார்ச் 1-ஆம் நாள் அஸ்ஸாமின் உதால்குரியை அடைந்தபோது 1,300 மைலுக்கு மேற்பட்ட வழி அளக்கப்பட்டிருந்தது.

எண்ணிக்கையில் பொய்யில்லை

இப்பயணங்கள் அவருடைய உடல்நலத்தையும் கண் பார்வையையும் பாதித்தன. அதன்பின் அவர் நெடும்பயணம் செல்லவில்லை, இளையவர்களைப் பயிற்றுவித்தார். 1877-இல் லண்டனின் ராயல் புவியியல் சங்கம் தன் தங்கப் பதக்கத்தை அவருக்கு வழங்கியது. 2004-இல் இந்திய அஞ்சல் துறை அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. எல்லை வணிகம் 1962-இல் நின்றபின் மிலம் ஏறக்குறைய வெறிச்சோடியது.

அவருடைய வாழ்க்கையில் எளிதில் விடை காண முடியாத ஒரு கேள்வி உண்டு. ஜபமாலையும் பிரார்த்தனைச் சக்கரமும் இறைவனை நினைப்பதற்கானவை. அவற்றை அவர் கருவிகளாக்கினார். கொடுத்த வாக்கை மீறினார். தமக்கு வழிவிட்டவர்களின் நாட்டை ஓர் அன்னிய அரசுக்காக அளந்தார். 1904-இல் ஆங்கிலேயப் படை லாசாவுக்குள் புகுந்தபோது, கியாந்த்ஸேயிலிருந்து அது சென்ற வழி பெரும்பாலும் நைன் சிங் அடியெண்ணி நடந்த வழியே. அளந்தவரின் கையை விட்டுச் சென்றபின் அளவை யார் எதற்குப் பயன்படுத்துவார்கள் என்பது அவர் வசத்தில் இல்லை. இதை மறைத்து அவரைப் போற்றுவது உண்மைக்குப் பொருந்தாது.

ஆயினும் ஒன்றைக் காணலாம். பெயரை மாற்றினார், உடையை மாற்றினார், சடையை மாற்றினார். ஓர் எண்ணையும் மாற்றவில்லை. களைப்பால் எண்ணிக்கை தவறிய ஒரு நாளில், ஏதோ ஓர் எண்ணை இட்டு நிரப்பியிருந்தால் கண்டுபிடிக்க அங்கே எவரும் இல்லை. உடன் வந்தவர்களுக்கு அவர் எண்ணுவதே தெரியாது. அனுப்பியவர்களோ ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்தார்கள். அவர் நேர்மையாக எண்ணினார் என்பதற்குப் பின்னாளில் லாசாவின் இருப்பிடமே சாட்சியாயிற்று.

சாதகனின் நிலையும் இதுவே. அவன் ஜபம் செய்யும்போது மனம் அதில் இருந்ததா, மணிகள் மட்டும் நகர்ந்தனவா என்பதை வெளியிலிருந்து யாரும் அறிய முடியாது. செல்ல வேண்டிய தூரம் பெரிது. நடுவில் கடக்க வேண்டிய கணவாய்கள் பல. தேவையற்ற சுமையைக் குறைத்து, ஒரே சீராக அடியெடுத்து வைத்து, யாரும் பாராதபோதும் கணக்கில் பிழை செய்யாமல் நடப்பவனே அத்தூரத்தைக் கடக்கிறான். நைன் சிங் உலகியல் நோக்கத்திற்காக நடந்த நடையிலிருந்து ஆன்மிக வழியில் செல்வோர் கற்றுக்கொள்ள வேண்டியது அந்த நேர்மையையே.