படுதாவிலிருந்து பூஜை மாடத்துக்கு

எங்கள் கரிசல் காட்டு வீட்டில் ஆண்டு முடிந்தாலும் நாள்காட்டிப் படம் குப்பைக்குப் போகாது. என் தாயார் அதை வெட்டிச் சட்டமிட்டுப் பூஜை மாடத்தில் வைத்துவிடுவார். படத்தின் மூலையில் இருந்த சி. கொண்டையராஜு என்னும் பெயரை நான் கவனித்தது பேராசிரியர் ஆன பிறகுதான்.

1898-இல் பிறந்த அவர், சென்னை ஓவியக் கல்லூரியில் மேலைநாட்டு முறையில் பயின்றவர். சில காலம் ரமணாசிரமத்தில் இருந்தார். பின்னர் நாடகக் குழு ஒன்றில் திரை வரையும் பணியில் சேர்ந்தார். 1940-களில் அக்குழு கோவில்பட்டியில் கலைந்தபோது, அவர் அவ்வூரிலேயே தங்கிவிட்டார். திருமணம் செய்துகொள்ளவில்லை.

அந்நாளில் திரைச்சீலைதான் பாதி நாடகம். தர்பார், வீதி, காடு என ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு படுதா. சில அடி ஆழமே உள்ள மேடையில், பின்னோக்கிச் சிறுத்துச் செல்லும் தூண்களால் பெரிய அரண்மனையையே எழுப்ப வேண்டும். கடைசி வரிசையில் மண் தரையில் அமர்ந்திருப்பவரும் அதை நம்ப வேண்டும். 1907-இல் வியன்னாவில் திறக்கப்பட்ட ஃபிளேடர்மாஸ் கேளிக்கை அரங்கின் மதுக்கூடச் சுவர்களில் யோசப் ஹாஃப்மன் குழுவினர் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட வண்ண ஓடுகளைப் பதித்தனர். அந்த அரங்கு மறைந்துவிட்டது. ஆயினும் 2019-இல் லண்டன் பார்பிகன் கண்காட்சியில் அக்கூடத்தை மீண்டும் அமைத்துக் காட்டினார்கள். ஊர் ஊராகச் சுருட்டி எடுத்துச் செல்லப்பட்ட நம் படுதாக்களுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை.

கொண்டையராஜுவின் திறமை வீணாகாததற்கு ஒரு பொருளியல் காரணமும் உண்டு. வானம் பார்த்த இந்த பூமியின் வறட்சி, விவசாயியை வாட்டினாலும் தீப்பெட்டித் தொழிலுக்கு உகந்தது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஒட்டும் வண்ணச் சீட்டுகளோடு சிவகாசி அச்சகங்கள் வளர்ந்தன; நாள்காட்டிகளுக்குப் படங்கள் தேவைப்பட்டன. டி.எஸ். சுப்பையா, எம். இராமலிங்கம் முதலிய மாணவர்களுடன் அவர் வரைந்து கொடுத்தார். ஆசிரியர் பெயரும் மாணவர் பெயரும் சேர்ந்தே இடம்பெற்ற படங்கள் பல. ஆய்வு மாணவரின் உழைப்பில் தம் பெயரை முன்னே போட்டுக்கொள்ளும் எங்கள் பேராசிரியர் கூட்டம் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

நாள்காட்டி ஓவியம் என்று இதை இகழ்வோருடன் எனக்கு உடன்பாடில்லை. அவருடைய மீனாட்சி கல்யாணத்தைப் பாருங்கள்: மணமக்களை மேடையில் நிற்பவர்களைப்போல நம் பக்கம் திருப்பி நிறுத்தியிருப்பது நாடகத் திரை வரைந்த கை. அழிந்த படுதாக்கள் இந்தத் தாள்களில்தான் மிஞ்சியிருக்கின்றன. அவையும் இப்போது சட்டத்துக்குள் மங்கி வருகின்றன. கோவில்பட்டியில் ஓர் அறை ஒதுக்கி அவற்றைத் திரட்டிக் காக்க அரசு முன்வருமானால், என் தாயாரின் படத்தைத் தர நான் ஆயத்தம்.