இசைக்குக் கணக்குப் போட்ட வைத்தியர்

விருதுநகர் மாவட்டத்துக்குத் தெற்கே, இன்றைய தென்காசி மாவட்டத்தில் சாம்பவர் வடகரை என்ற ஊர் இருக்கிறது. 1859-ம் ஆண்டு ஆகஸ்டு 2-ந் தேதி அங்கே பிறந்தவர் ஆபிரகாம் பண்டிதர். தகப்பனார் முத்துசாமி. தாயார் அன்னம்மாள்.

திண்டுக்கல்லில் ஆசிரியர் பயிற்சி பெற்றார். அங்கேயே பிடில் வாசிக்கவும் கற்றார். பிறகு தஞ்சாவூரில் குடியேறினார். அவரும் மனைவியும் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். சித்த வைத்தியத்தில் பெயர் பரவவே, வாத்தியார் வேலையை விட்டுவிட்டார். அவருடைய கோரோசனை மாத்திரைக்கு நல்ல கிராக்கி. பணம் சேர்ந்தது.

அந்தப் பணத்தை என்ன செய்தார்? சங்கீதத்தில் போட்டார்!

படிகள் எத்தனை?

வீணைத் தந்தியை அழுத்தாமல் மீட்டினால் ஒரு ஸ்வரம் கேட்கும். சரிபாதியில் அழுத்தி மீட்டினால், அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் கேட்கும். இரண்டுக்கும் நடுவே எத்தனை சுருதிகள்? 22 என்பது பழைய சாஸ்திரக்காரர்களின் கணக்கு. பண்டிதர் ஒப்பவில்லை. சிலப்பதிகாரத்தை ஆராய்ந்து, 24 என்றார். எல்லாம் சம அளவுள்ள படிகள் என்றும் சொன்னார்.

சமம் என்றால் தந்தியில் ஒரே நீளம் அல்ல. ஒவ்வொரு படிக்கும் தந்தி ஒரே விகிதத்தில் குறைய வேண்டும். 32 அங்குலத் தந்தி என்றால், முதல் படிக்குச் சுமார் 0.9 அங்குலம் குறையும். கடைசிப் படிக்கு அரை அங்குலம் கூடக் குறையாது. இப்படி ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போட்டார் அந்த வைத்தியர்!

1912-ல் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தைத் தொடங்கினார். தஞ்சாவூரில் மாநாடுகள் கூட்டி, வித்துவான்களைத் தம் செலவில் வரவழைத்தார். 1916-ல் பரோடாவில் நடந்த அகில இந்திய சங்கீத மாநாட்டுக்கும் போனார். அவருடைய பெண்மக்கள் வீணை வாசித்து அவர் கணக்கை விளக்கிக் காட்டினார்கள். ஆனாலும் 22 என்றவர்கள் விட்டுக் கொடுக்கவில்லை.

அவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. தோடி பாடுகிறவர் காந்தாரத்தை அசைத்து அசைத்துப் பாடுவார். அது எந்தப் படியில் நின்றது என்று பிடிப்பது லேசான காரியமா? வழக்கு இன்றும் தீரவில்லை.

1917-ல் 'கருணாமிர்த சாகரம்' வெளிவந்தது. ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட புத்தகம். அதைத் தம் சொந்த அச்சகத்திலேயே அச்சிட்டார். 1919 ஆகஸ்டு 31-ந் தேதி பண்டிதர் காலமானார். இரண்டாம் பாகத்தை, பல ஆண்டுகளுக்குப் பின் மகள் மரகதவல்லி வெளியிட்டார்.