உயரமான ஆட்களைத் தேடிப் பிடித்த ராஜா: யார் இந்த பிரெடெரிக் வில்லியம்?

18-ம் நூற்றாண்டு ஜெர்மனியில் 6 அடி 2 அங்குலம் வளர்ந்த ஆள் தெருவில் நடக்கக் கொஞ்சம் யோசிக்கணும். பிரஷ்ய ராஜாவின் ஆட்கள் கண்ணில் பட்டால் படைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

யார் அந்த ராஜா?

முதலாம் பிரெடெரிக் வில்லியம். 1688-ல் பெர்லினில் பிறந்தவர். 1713-ல் அரியணை ஏறியதுமே அப்பாவின் ஆடம்பர அரண்மனைச் செலவில் கை வைத்தார். மிச்சம் பிடித்த பணமெல்லாம் படைக்குத்தான். சுமார் 38 ஆயிரம் பேர் இருந்த படை, அவர் காலத்திலேயே 80 ஆயிரத்தைத் தாண்டியது.

ஆள் எப்படிக் கிடைத்தது?

1733-ல் நாட்டை வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு ரெஜிமென்ட்டுக்கும் ஒரு வட்டாரத்தை ஒதுக்கினார். அங்குள்ள விவசாயிகளின் பிள்ளைகள் பெயரைப் பட்டியலில் எழுதிவிடுவார்கள். வருஷத்தில் சில மாதம் பயிற்சி, மீதி நாள் வயல் வேலை. தப்பி ஓடினால், இரண்டு வரிசை வீரர்களுக்கு நடுவே நடக்கவிட்டுப் பிரம்படி.

போட்ஸ்டாம் ராட்சதர்கள்

ராஜாவின் செல்லப் படை இது. உயரம் குறைந்தால் இடமில்லை. 1716-ல் ரஷ்யாவின் மகா பீட்டருக்கு அம்பர் இழைத்த ஓர் அறையையே பரிசாகக் கொடுத்தார். பதிலுக்கு அங்கிருந்து உயரமான வீரர்கள் வந்தார்கள். பக்கத்து நாடுகளில் ஆள் பிடித்த தகராறு, 1729-ல் ஹானோவருடன் போர் மூளும் அளவுக்குப் போனது.

சொந்த மகனுக்கும் அதே சட்டம்

அடியும் அவமானமும் தாங்காமல் 1730-ல் 18 வயது இளவரசர் பிரெடெரிக் தப்பி ஓட முயன்றார். படையை விட்டு ஓடியவர் என்றே ராஜா அவரைச் சிறையில் அடைத்தார். உதவிய நண்பர் காட்டேவுக்கு ராணுவ நீதிமன்றம் ஆயுள் சிறைதான் விதித்தது. ராஜா அதை மரண தண்டனையாக மாற்றினார். மகன் கண்ணெதிரே நிறைவேற்ற உத்தரவிட்டார்.

பிறகு என்ன ஆனது?

படையை இப்படி வளர்த்த ராஜா பெரிய போர்களைத் தவிர்த்தவர். 1740 மே மாதம் இறந்தார். மகன் ராட்சதர் படையில் ஒரே ஒரு பட்டாலியனை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கலைத்தார். ஆனால் அப்பா சேர்த்த பணத்தையும் படையையும் கொண்டு அதே டிசம்பரில் சைலீசியா மீது படையெடுத்தார்.

1806-ல் நெப்போலியனிடம் தோற்ற பிறகு காவல் படை புதிதாக உருவானது. 1914-ல் முதலாம் காவல் டிவிஷனில் 2 பிரிகேடுகள், 4 காலாட்படை ரெஜிமென்ட்டுகள். அதன் முதல் ரெஜிமென்ட் இருந்த ஊர் அதே போட்ஸ்டாம்தான். அங்கும் உயரமானவர்களுக்கே முன்னுரிமை. முதல் உலகப் போரில் தோற்ற பிறகே அந்தப் படை கலைக்கப்பட்டது.