தாமஸ் ட்ரூபிரிட்ஜ்

சர் தாமஸ் ட்ரூபிரிட்ஜ் (ஏறத்தாழ 1758 – 1807) பிரித்தானியக் கடற்படையின் புகழ்பெற்ற தளபதிகளுள் ஒருவர். ஹொரேஷியோ நெல்சனின் இளமைக்கால நண்பர். கேப் செயின்ட் வின்சென்ட், நைல் ஆகிய போர்களில் கல்லோடன் என்னும் போர்க்கப்பலின் தலைவராக இருந்தவர். இவரது பணிக்காலத்தின் தொடக்கமும் முடிவும் தமிழகக் கடற்கரையோடு தொடர்புடையவை. இளம் அலுவலராகச் சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், கடலூர் ஆகிய இடங்களை அடுத்த கடற்போர்களில் பங்கேற்றார். 1807 சனவரி 12 அன்று பிளென்ஹைம் என்னும் பழைய பாய்மரப் போர்க்கப்பலில் சென்னையிலிருந்து நன்னம்பிக்கை முனைக்குப் புறப்பட்டார். அக்கப்பல் அங்கு சென்று சேரவில்லை.

பிறப்பும் இளமையும்

ட்ரூபிரிட்ஜ் இலண்டனில் பிறந்தார். தந்தை ரிச்சர்ட் ட்ரூபிரிட்ஜ் அடுமனை நடத்தியவர். ட்ரூபிரிட்ஜ் இலண்டனிலுள்ள புனித பவுல் பள்ளியில் கல்வி பயின்றார். செல்வாக்குள்ள குடும்பங்களின் பிள்ளைகளே விரைவாக உயர்வு பெற்ற அக்காலக் கடற்படையில், எளிய வணிகர் ஒருவரின் மகன் அட்மிரல் நிலைக்கு உயர்ந்தது அரிய நிகழ்வாகும்.

1773இல் சீஹார்ஸ் என்னும் சிறிய போர்க்கப்பலில் பணியில் சேர்ந்தார். அதே கப்பலில் நெல்சனும் இளம் பயிற்சி அலுவலராக இருந்தார். சீஹார்ஸ் 1774இல் சென்னையை அடைந்தது. மலேரியாக் காய்ச்சலால் நலிவுற்ற நெல்சன் 1776இல் நாடு திரும்பினார். ட்ரூபிரிட்ஜ் இந்தியக் கடல்களிலேயே தங்கிவிட்டார். 1778 ஆகஸ்டில் புதுச்சேரிக்கு அருகே பிரெஞ்சுக் கப்பல்களுடன் நடந்த போரில் சீஹார்ஸ் கலந்துகொண்டது.

தமிழகக் கடற்கரையில் போர்கள்

1781இல் ட்ரூபிரிட்ஜ் லெப்டினன்ட் பதவி பெற்று, அட்மிரல் எட்வர்ட் ஹியூசின் முதன்மைக் கப்பலான சுப்பர்ப்புக்கு மாற்றப்பட்டார். அப்போது இரண்டாம் ஆங்கில-மைசூர்ப் போர் நடந்துகொண்டிருந்தது. ஹைதர் அலிக்குத் துணையாகப் பிரெஞ்சுக் கடற்படை, சஃப்ரன் என்னும் திறமைமிக்க தளபதியின் தலைமையில் கிழக்குக் கடற்கரைக்கு வந்தது.

1782 பெப்ரவரி நடுவில் சஃப்ரனின் கப்பல்கள் சென்னைக்கு எதிரே தோன்றின. ஹியூசின் கப்பல்கள் கோட்டைப் பீரங்கிகளின் பாதுகாப்பில் நங்கூரமிட்டிருந்ததால் அவை தெற்கு நோக்கித் திரும்பின. ஹியூஸ் பின்தொடர்ந்தார். பெப்ரவரி 17 அன்று, இன்றைய கல்பாக்கத்தை அடுத்துள்ள சதுரங்கப்பட்டினத்திற்கு அருகே இரு படைகளும் மோதின. அவ்வாண்டிலேயே மேலும் மூன்று போர்கள் நடந்தன.

- ஏப்ரல் 12: இலங்கையின் கிழக்குக் கரையை அடுத்த புரோவிடியன் போர்
- சூலை 6: நாகப்பட்டினம் போர்
- செப்டம்பர் 3: திருகோணமலைப் போர்

நான்கிலும் சுப்பர்ப் முதன்மைக் கப்பலாக இருந்தது. இவற்றுள் எதிலும் எந்தத் தரப்புக்கும் தெளிவான வெற்றி கிட்டவில்லை. எனினும் இவை இளம் அலுவலர்களுக்குச் சிறந்த போர்ப் பயிற்சியாக அமைந்தன. 1783 சனவரியில் ட்ரூபிரிட்ஜ் கப்பல் தலைவராக உயர்த்தப்பட்டார். அவ்வாண்டு சூன் 20 அன்று கடலூருக்கு அருகே நடந்த ஐந்தாவதும் இறுதியுமான போரின்போது அவர் ஆக்டிவ் என்னும் கப்பலின் தலைவராக இருந்தார். 1785இல் இங்கிலாந்து திரும்பினார். 1787இல் பிரான்செஸ் நார்த்தால் என்பவரை மணந்தார். இவர்களுக்கு ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தனர். மனைவி 1798இல் காலமானார்.

ஐரோப்பியப் போர்களில்

1794 மே மாதத்தில் ட்ரூபிரிட்ஜ் தலைமை வகித்த காஸ்டர் கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் கைப்பற்றி அவரைச் சிறைப்பிடித்தனர். சில வாரங்களில் நடந்த சூன் முதல் நாள் போரில் அவரை ஏற்றிச்சென்ற பிரெஞ்சுக் கப்பல் பிரித்தானியரிடம் சிக்கியதால் விடுதலை பெற்றார்.

பின்னர் 74 பீரங்கிகள் கொண்ட கல்லோடனுக்குத் தலைவரானார். 1794 டிசம்பரில் அக்கப்பலின் மாலுமிகள், கப்பல் கடலுக்குச் செல்லத் தகுதியற்றது என்றும் தங்களை வேறு கப்பலுக்கு மாற்ற வேண்டும் என்றும் கோரிக் கிளர்ச்சி செய்தனர். கிளர்ச்சி அடங்கிய பின் ஐவர் தூக்கிலிடப்பட்டனர். ட்ரூபிரிட்ஜ் ஒழுங்கை மீறுவோரிடம் இரக்கம் காட்டாதவர் என்ற பெயர் நிலைபெற்றது.

1797 பெப்ரவரி 14 அன்று கேப் செயின்ட் வின்சென்ட் போரில் பிரித்தானியக் கப்பல் வரிசையைக் கல்லோடன் முன்னின்று நடத்தியது. அதே போரில் பங்கேற்ற மற்றொரு கப்பல் பிளென்ஹைம் ஆகும். அவ்வாண்டு சூலையில் நெல்சன் வலக்கையை இழந்த டெனரீஃப் தாக்குதலில், ட்ரூபிரிட்ஜ் சில நூறு வீரர்களுடன் கரையேறினார். ஸ்பானியர்களால் சூழப்பட்ட நிலையிலும், நகருக்குத் தீ வைக்கப்போவதாக அச்சுறுத்திப் பேச்சு நடத்தி, படையினரை ஆயுதங்களுடன் மீட்டு வந்தார்.

1798 ஆகஸ்ட் 1 அன்று நைல் போரின் தொடக்கத்திலேயே கல்லோடன் மணல்திட்டில் தரைதட்டியது. இரவு முழுவதும் போர் நடக்க, அவரால் அதில் பங்கேற்க இயலவில்லை. பின்னால் வந்த கப்பல்கள் அதனைக் கண்டு திட்டைத் தவிர்த்துச் சென்றன. நெல்சன் இவருக்காகப் பரிந்து பேசியதால் மற்றத் தலைவர்களுக்கு வழங்கப்பட்ட தங்கப் பதக்கம் இவருக்கும் வழங்கப்பட்டது. 1799இல் நேப்பிள்ஸ் கடற்கரையில் ஆற்றிய பணிக்காகப் பாரோனெட் பட்டம் பெற்றார். 1801 முதல் 1804 வரை கடற்படையை ஆளும் அட்மிரால்ட்டி வாரியத்தில் உறுப்பினராக இருந்தார். அக்காலத்தில் நெல்சனுடனான நட்பில் கசப்பு ஏற்பட்டது. 1804இல் ரியர் அட்மிரல் ஆனார்.

பிளென்ஹைம் கப்பல்

பிளென்ஹைம் 1761 சூலை 5 அன்று வூலிச் கப்பல் தளத்தில் கடலில் இறக்கப்பட்டது. மூன்று பீரங்கித் தளங்களும் 90 பீரங்கிகளும் கொண்ட இரண்டாம் தரப் போர்க்கப்பலாகக் கட்டப்பட்ட இது, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேல்தளம் நீக்கப்பட்டு 74 பீரங்கிக் கப்பலாக மாற்றப்பட்டது. மரக்கப்பல்கள் பல ஆண்டு உழைத்த பின் மூட்டுகள் தளர்ந்து நீர் கசியத் தொடங்கும். பிளென்ஹைம் ட்ரூபிரிட்ஜின் முதன்மைக் கப்பலாக 1805இல் இந்தியாவுக்குப் புறப்பட்டபோது அதற்கு 44 வயது நெருங்கியிருந்தது.

வரும் வழியில், ஆகஸ்ட் 6 அன்று, கம்பெனியின் வணிகக் கப்பல்களுக்குக் காவலாக வந்த பிளென்ஹைமைப் பிரெஞ்சு அட்மிரல் லினுவாவின் மரெங்கோ, பெல் பூல் ஆகிய கப்பல்கள் எதிர்கொண்டன. குறுகிய சண்டைக்குப் பின் பிரெஞ்சுக்காரர்கள் விலகிச் சென்றனர். அம்மாதத்திலேயே ட்ரூபிரிட்ஜ் சென்னையை அடைந்தார்.

பெல்யூவுடன் பிணக்கு

அப்போது கிழக்கிந்தியக் கடற்படை நிலையத்தின் தலைமைத் தளபதியாக இருந்தவர் சர் எட்வர்ட் பெல்யூ. நிலையத்தை இரண்டாகப் பிரித்துக் கிழக்குப் பாதியைத் தமக்கு அளிக்கும் ஆணையை ட்ரூபிரிட்ஜ் கொண்டுவந்தார். பெல்யூ இதனை ஏற்க விரும்பவில்லை. பருவக்காற்றுக்கேற்பக் கப்பல்கள் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மாற வேண்டிய இக்கடலில் இரட்டைத் தலைமை நடைமுறைக்கு ஒவ்வாது என்பது அவர் தரப்பு வாதம். பொருளும் இதில் அடங்கியிருந்தது. கைப்பற்றப்படும் எதிரிக் கப்பல்களின் மதிப்பில் எட்டில் ஒரு பங்கு அந்நிலையத்தின் அட்மிரலுக்கு உரியது. எல்லை பாதியாகும்போது வருவாயும் குறையும். ட்ரூபிரிட்ஜைத் தமக்குக் கீழ்ப்பட்டவராகவே நடத்தினார் பெல்யூ. முன்கோபம் மிக்க ட்ரூபிரிட்ஜ் இதனைப் பெரும் அவமதிப்பாகக் கருதினார். அவர் முன்பு தலைமை வகித்த கல்லோடனே அப்போது பெல்யூவின் முதன்மைக் கப்பலாக இருந்தது குறிப்பிடத்தக்கது.

இருவரும் இலண்டனுக்கு முறையிட்டனர். கடிதம் சென்று விடை வர ஓராண்டுக்கு மேலாகும் காலம் அது. இறுதியில் நிலையம் முழுவதும் பெல்யூவிடம் ஒப்படைக்கப்பட்டது. ட்ரூபிரிட்ஜுக்கு நன்னம்பிக்கை முனையின் தலைமை அளிக்கப்பட்டது.

இறுதிப் பயணம்

இதற்கிடையில் 1806இல் மலாக்கா நீரிணையில் பிளென்ஹைம் தரைதட்டிக் கடுமையாகச் சேதமடைந்தது. கப்பலின் முதுகெலும்பு போன்ற அடிமரமான ஏரா வளைந்துவிட்டது. தற்காலிகப் பாய்மரங்களுடன் பினாங்கு வழியாகச் சென்னைக்குக் கொண்டுவரப்பட்ட கப்பலில், நங்கூரமிட்டிருந்தபோதும் இடைவிடாமல் நீரை இறைத்து வெளியேற்ற வேண்டியிருந்தது.

சென்னைக்கு அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல்கள் அலைகளுக்கு அப்பால் திறந்த கடலில் நின்றன. ஆணி அடிக்காமல் கயிற்றால் தைக்கப்பட்ட மசூலா படகுகளே ஆட்களையும் சரக்குகளையும் கரைக்கும் கப்பலுக்கும் இடையே ஏற்றிச் சென்றன. இங்குப் பெரிய கப்பலொன்றின் அடிப்பகுதியைப் பழுதுபார்க்க வழியில்லை. அதற்குரிய உலர் கப்பல் துறைகள் இந்தியாவின் மேற்குக் கரையில், பம்பாயில் இருந்தன.

கப்பலின் தலைவர் ஆஸ்டின் பிசெல், பிளென்ஹைம் நெடும்பயணத்திற்குத் தகுதியற்றது என எச்சரித்தார். ட்ரூபிரிட்ஜ் அதனை ஏற்கவில்லை. அவரது திறமையில் நம்பிக்கை வைத்துச் சென்னையிலிருந்து பயணிகள் சிலரும் கப்பலில் ஏறினர். 1807 சனவரி 12 அன்று ஜாவா, ஹாரியர் ஆகிய இரு சிறிய போர்க்கப்பல்களுடன் பிளென்ஹைம் புறப்பட்டது. ஜாவா என்பது முந்தைய அக்டோபரில் டச்சுக்காரர்களிடமிருந்து கைப்பற்றப்பட்ட கப்பல் ஆகும்.

சனவரியில் வங்கக் கடலில் வடகிழக்குப் பருவக்காற்று தெற்கே செல்லும் கப்பல்களுக்குச் சாதகமானது. ஆனால் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே அது சூறாவளிப் பருவம். பெப்ரவரி 1 அன்று, ரொட்ரீகஸ் தீவுக்குத் தென்கிழக்கே, மூன்று கப்பல்களும் கடும் புயலில் சிக்கின. பிளென்ஹைமும் ஜாவாவும் ஆபத்துக் கொடியை ஏற்றியிருந்ததையும், ஜாவா பிளென்ஹைமுக்கு உதவ நெருங்கிச் செல்வது போலத் தோன்றியதையும் ஹாரியரில் இருந்தவர்கள் கண்டனர். அன்று மாலை இரு கப்பல்களும் பார்வையிலிருந்து மறைந்தன. ஹாரியர் மட்டும் பெப்ரவரி 28 அன்று நன்னம்பிக்கை முனையை அடைந்தது. பிளென்ஹைமில் ஏறத்தாழ 590 பேரும் ஜாவாவில் ஏறத்தாழ 280 பேரும் இருந்ததாகக் கணக்கிடப்படுகிறது.

தேடுதல்

ட்ரூபிரிட்ஜின் மகன் எட்வர்ட் தாமஸ் ட்ரூபிரிட்ஜும் இந்தியக் கடல்களில் கிரேஹவுண்ட் என்னும் கப்பலின் தலைவராகப் பணியாற்றி வந்தார். தந்தையைத் தேடும் பணியைப் பெல்யூ அவரிடமே ஒப்படைத்தார். அவர் ரொட்ரீகஸ், மொரிசியஸ், மடகாஸ்கர் ஆகிய தீவுகளில் விசாரித்தார். எதிரி நாட்டின் வசம் இருந்த மொரிசியசில் பிரெஞ்சு ஆளுநர் டெகான், தாம் அறிந்த தகவல்களைத் தந்து உதவினார். புயலுக்குப் பின் இரு பிரித்தானியக் கப்பல்கள் மடகாஸ்கரை அடுத்த செயின்ட் மேரி தீவில் பழுதுபார்த்துச் சென்றதாகச் செய்தி கிடைத்தது. ஆனால் அவை பிளென்ஹைமும் ஜாவாவும்தான் என்பதற்குச் சான்று கிட்டவில்லை. கப்பல்களின் சிதைவுகளோ உயிர் தப்பியவர்களோ கிடைக்கவில்லை.

மதிப்பீடு

நெருக்கடியில் துணிந்து செயல்படுவதும், எடுத்த முடிவில் பின்வாங்காமல் நிற்பதும் ட்ரூபிரிட்ஜின் இயல்புகள். டெனரீஃபில் பலரைக் காப்பாற்றியவை இவ்வியல்புகளே. சென்னையில் பிசெலின் எச்சரிக்கையைப் புறக்கணிக்கச் செய்தவையும் இவையே. கப்பல் பாதுகாப்பற்றது என்ற முறையீட்டைத் தம் பணிக்காலத்தில் அவர் இருமுறை எதிர்கொண்டார். முதலாவது கல்லோடனின் மாலுமிகளிடமிருந்து வந்தது, இரண்டாவது பிளென்ஹைமின் தலைவரிடமிருந்து. கல்லோடன் அதன் பின்னரும் பல ஆண்டுகள் கடலில் உழைத்து 1813இல் உடைக்கப்பட்டது. பிளென்ஹைம் சென்னையிலிருந்து புறப்பட்ட மூன்று வாரங்களில் காணாமல் போனது.

வழித்தோன்றல்களும் நினைவும்

மகன் எட்வர்ட் தாமஸ் இரண்டாம் பாரோனெட் ஆகவும் பின்னர் அட்மிரலாகவும் விளங்கி 1852இல் காலமானார். முதல் உலகப் போரின் தொடக்கத்தில் நடுநிலக் கடலில் பணியாற்றிய எர்னஸ்ட் ட்ரூபிரிட்ஜ் இவரது கொள்ளுப்பேரன் ஆவார். 1942இல் கடலில் இறக்கப்பட்ட பிரித்தானிய நாசகாரிக் கப்பல் ஒன்றும் ட்ரூபிரிட்ஜ் என்னும் பெயரைத் தாங்கியது.