கிருஷ்ண மேனனும் ஹங்கேரி வாக்கும்

மக்களாட்சி கோரி வீதிக்கு வருவோரை அயல்நாட்டு அரசொன்று ஒடுக்கும்போதெல்லாம், இந்தியா என்ன சொல்லப் போகிறது என்ற கேள்வி எழுகிறது. வி.கே. கிருஷ்ண மேனனின் வாழ்க்கை இக்கேள்வியின் இரு பக்கங்களையும் காட்டுகிறது.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற மேனன், 1924-இல் லண்டன் சென்றார். அங்கு இந்தியா லீக் அமைப்பின் செயலாளரானார். 1932-இல், சட்டமறுப்பு இயக்கத்தின் மீதான அடக்குமுறையை ஆராய வந்த பிரிட்டிஷ் குழுவுடன் தாயகம் வந்தார். அக்குழுவின் அறிக்கைக்கு பெர்ட்ரண்டு ரஸல் முன்னுரை எழுதினார். சிறையில் பெற்ற தொழுநோயோடு போராடி, தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் 1925-இல் மறைந்த சுப்பிரமணிய சிவாவை அறிந்த நமக்கு, அடக்கப்படுவோருக்காக அயலகத்தில் எழும் குரலின் அருமை புரியும்.

அதே மேனன் 1956-இல் ஐ.நா. சபையில் இந்தியாவின் குரலாக இருந்தார். அவ்வாண்டு நவம்பர் 4 அன்று சோவியத் டாங்குகள் புடாபெஸ்ட் நகருக்குள் நுழைந்தன. படைகள் விலக வேண்டும் என்ற தீர்மானத்தில் இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. ஐ.நா. மேற்பார்வையில் ஹங்கேரியில் தேர்தல் நடத்தக் கோரிய நவம்பர் 9 தீர்மானத்தையோ எதிர்த்தது. கம்யூனிஸ்ட் அல்லாத நாடுகளில் எதிர்த்தது இந்தியா மட்டுமே. இந்த முன்மாதிரி நாளை காஷ்மீருக்கும் நீளலாம் என்ற அச்சம் அதன் பின்னே இருந்தது. சூயஸ் படையெடுப்பை உரத்துக் கண்டித்த நாடு இங்கே தயங்கியதை ஜெயப்பிரகாஷ் நாராயண் கடுமையாக விமர்சித்தார்.

1957 ஜனவரியில் காஷ்மீர் குறித்து மேனன் ஏறத்தாழ எட்டு மணி நேரம் உரையாற்றினார். அடுத்த மாதமே சோவியத் தன் ரத்து அதிகாரத்தால் இந்தியாவுக்குத் துணை நின்றது. கணக்கு நேரானது போலத் தோன்றியது. ஆனால் ஹங்கேரியின் பிரதமராக இருந்த இம்ரே நாகி 1958-இல் தூக்கிலிடப்பட்டார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. புடாபெஸ்டிலிருந்த இந்தியத் தூதரகம் எதிர்ப்பாளர்களுடன் தொடர்பில் இருந்தது. அவர்களுள் ஒருவரான ஆர்பாத் கோன்ட்ஸ் கைதானபோது தில்லி அவருக்காக அமைதியாகப் பரிந்து பேசியது. ஆயுள் தண்டனையோடு உயிர் தப்பிய அவர், 1990-இல் ஹங்கேரியின் குடியரசுத் தலைவரானார்.

சீனப் போர்த் தோல்விக்குப் பின் 1962-இல் பாதுகாப்பு அமைச்சர் பதவியை இழந்த மேனன், 1974-இல் மறைந்தார். அவரது நாட்டுப்பற்றை ஐயுற இடமில்லை. எனினும் நாட்டு நலன் கருதி அரசு மேடையில் மௌனம் காக்கும் வேளையில், திரைமறைவில் கைதிகளின் உயிருக்காகவேனும் வாதாட வேண்டும். அதுவும் இல்லையெனில், 1932-இல் நாம் உலகிடம் கேட்ட நியாயத்தைப் பிறருக்கு மறுத்தவர்களாவோம்.