முதல் பட்ஜெட் போட்ட கோவைக்காரர்! பட்டியல் தகராறில் பதவி போச்சு

கருமத்தம்பட்டி, சோமனூர் பக்கம் தறி ஓட்டுகிறவர்களுக்கு பட்ஜெட் என்றால் ஒரே கேள்விதான். நூலுக்கு வரி ஏறுச்சா, இறங்குச்சா?

சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டிலேயே நூல் மீது கை வைத்தவர் ஒரு கோவைக்காரர். அதுவும் பஞ்சாலை முதலாளி! அவர்தான் சர் ஆர்.கே.சண்முகம் செட்டியார். சிங்காநல்லூர் வசந்தா மில் அவர் குடும்பத்து மில்.

1892 அக்டோபர் 17-ந்தேதி கோவையில் பிறந்த அவர், சென்னையில் சட்டம் படித்தார். 1917-ல் கோவை நகரசபைக்குள் நுழைந்து துணைத்தலைவர் ஆனார். 1920-ல் சென்னை சட்டசபை மெம்பர். அப்போது நீதிக்கட்சி. பிறகு சுயராஜ்யக் கட்சிக்குத் தாவி 1924-ல் டெல்லி மத்திய சட்டசபைக்குப் போனார். கட்சி மாறினாலும் நாற்காலி மட்டும் உயர்ந்துகொண்டே போனது. 1933-ல் அந்தச் சபைக்கே தலைவர்!

காங்கிரஸ் அலை

1934 தேர்தலில் காங்கிரஸ் அலை அடித்தது. சபைத் தலைவரே தோற்றுப் போனார். ஆனால் சும்மா உட்காரவில்லை. 1935 முதல் 1941 வரை கொச்சி சமஸ்தானத்தின் திவான். எர்ணாகுளத்தில் அவர் பெயரில் சண்முகம் ரோடு இருக்கிறது. நடுவிலே தமிழ் இசை இயக்கம், சிலப்பதிகார ஆராய்ச்சி வேறு. 1944-ல் உலக வங்கிக்கு வித்திட்ட அமெரிக்க மாநாட்டுக்கும் போய் வந்தார்.

காங்கிரசை எதிர்த்து நின்ற இந்த மனுஷனைத்தான் 1947-ல் நேரு நிதி மந்திரி ஆக்கினார்.

நவம்பர் 26-ந்தேதி முதல் பட்ஜெட். ஏழரை மாதத்துக்குத்தான் கணக்கு. வரவு 171 கோடியே 15 லட்சம். செலவு 197 கோடியே 39 லட்சம். இதில் ராணுவத்துக்கு மட்டும் 92 கோடியே 74 லட்சம். பிரிவினையில் வீடு வாசலை விட்டு வந்த அகதிகளையும் பார்க்க வேண்டும், வெளிநாட்டில் இருந்து தானியமும் வாங்க வேண்டும். துண்டு விழாமல் என்ன செய்யும்? வெளிநாட்டுக்குப் போகும் துணிக்கும் நூலுக்கும் வரியைப் போட்டார். தன் தொழிலாச்சே என்று பார்க்கவில்லை.

ராஜினாமா

அவரைக் கவிழ்த்தது ஒரு பட்டியல். யுத்த காலத்தில் கொள்ளை லாபம் அடித்து, வருமான வரி கட்டாமல் ஏய்த்தவர்களைப் பிடிக்க ஒரு விசாரணைக் கமிஷன் இருந்தது. அதற்கு அனுப்பிய பட்டியலில் இருந்து சில கேஸ்கள் எடுக்கப்பட்டுவிட்டன என்று டெல்லியில் புகார் கிளம்பியது. மந்திரியே மில்காரர்! வாய்க்கு வந்தபடி பேச அது போதாதா? இலாகா அவருடையது, பழியும் அவர் தலையில் விழுந்தது. 1948 ஆகஸ்டு 17-ந்தேதி பதவியை விட்டார். முழுசாக ஒரு வருஷமும் 2 நாளும்தான் மந்திரி. அந்த இடத்துக்கு ஜான் மத்தாய் வந்தார்.

இத்தோடு ஆள் முடிந்தார் என்று டெல்லி கணக்குப் போட்டிருக்கும். ஊர் அப்படி நினைக்கவில்லை. 1952 பொதுத்தேர்தலில் எந்தக் கட்சியும் வேண்டாம் என்று சுயேச்சையாக நின்று ஜெயித்தார். 32 வருஷத்துக்கு முன்னால் ஆரம்பித்த அதே சென்னை சட்டசபைக்கு மறுபடியும் போனார். அந்தத் தேர்தலில் அங்கே காங்கிரசுக்கு மெஜாரிட்டி கிடைக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

1953 மே 5-ந்தேதி காலமானார். வயது 60. எம்.எல்.ஏ. ஆகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.